கரிசல் நிலத்து மண்கோட்டைகள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கோட்டை என்றதும் வானளாவிய கருங்கல் மதிலும் ஆழ்ந்த அகழியும் மலையுச்சிக் கொத்தளங்களும் நம் நினைவில் எழுகின்றன. கல்லும் இன்றி, நீர் நிறைந்த அகழியும் இன்றி, மண்ணையும் முள்ளையும் கொண்டே எழுந்த கோட்டைகளும் தமிழகத்தில் இருந்தன. தம் காலத்தின் பெரும்படைகளை அவை தடுத்து நிறுத்தின. அக்கோட்டைகளின் காப்பு அமைப்பையும் அவற்றை எழுப்பிய மக்களின் அறிவையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

கல் கோயிலானது, மண் கோட்டையானது

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில், கரிசல் சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்பது கழுகுமலை. அம்மலையின் ஒரு பகுதியை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் கலையின் சிறப்புக்குச் சான்றாக விளங்குகிறது. அதனை அடுத்த பாறைப்பரப்பில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. மலையடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில் குடைவரையாக அமைந்துள்ளது.

இம்மலையின் மேல் நின்று நோக்கினால் நாற்றிசையிலும் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை சமவெளியே தெரியும். வருகிற படையைத் தொலைவிலேயே கண்டுகொள்ள ஏற்ற இடம் இது. ஆயினும் இங்குள்ள கல் கோட்டையாகவில்லை, கோயிலாயிற்று. இவ்வட்டாரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட பாளையக்காரர்கள் தம் கோட்டைகளைச் சமவெளியில் மண்ணால் கட்டினர். கழுகுமலை எட்டயபுரம் பாளையத்தைச் சேர்ந்திருந்தது. கிழக்கே பாஞ்சாலங்குறிச்சியும் மேற்கே நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் மண்கோட்டைகளால் பெயர்பெற்றன.

கல்லை உடைக்கும் பீரங்கிகள் பெருகிவிட்ட ஒரு காலத்தில், மண்சுவர்கள் அவற்றை எவ்வாறு எதிர்த்து நின்றன? இவ்வினாவிற்கு விடை காண, அரண் பற்றித் தமிழர் கொண்டிருந்த கருத்துகளை முதலில் அறிதல் வேண்டும்.

அரண் பற்றிய தமிழ்ச் சிந்தனை

தொல்காப்பியம் மதிலை வளைத்துப் போரிடுதலை உழிஞைத் திணையாக வகுத்துள்ளது. மதிலைக் காத்து நிற்றலை நொச்சித் திணை எனத் தனியே பிரித்துக் காட்டுகிறது புறப்பொருள் வெண்பாமாலை. கோட்டைப்போர் தனித்த இலக்கணம் பெறும் அளவிற்கு வளர்ந்திருந்தது என்பதை இவை உணர்த்துகின்றன.

கோட்டையின் உறுப்புகளைக் குறிக்கச் சங்க இலக்கியம் வளமான சொற்களைக் கொண்டுள்ளது. கோட்டைக்கு வெளியே வளர்க்கப்பட்ட காவற்காடு மிளை எனப்பட்டது. அதனை அடுத்த அகழி கிடங்கு எனவும் வழங்கியது. எயில், புரிசை, இஞ்சி என்பன மதிலைக் குறித்தன. மதிலின் மேல் மறைந்திருந்து அம்பெய்வதற்கு அமைந்த உறுப்பு ஞாயில். மதிலின் உட்புறத்தே வீரர்கள் நின்று போரிடுவதற்கு உரிய மேடை பதணம். பாண்டியன் உக்கிரப்பெருவழுதி வென்ற கானப்பேரெயிலைப் பாடும் புறநானூற்றுப் பாடல், அகழி, மதில், ஞாயில், மிளை ஆகிய நான்கையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டுகிறது. மதுரை மதிலின்மேல் பொருத்தப்பட்டிருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்துகிறது.

திருக்குறள் அரணுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கும் அரணுக்கு உறுப்பாகும் என்பது வள்ளுவர் கருத்து. உயரம், அகலம், உறுதி, நெருங்குதற்கு அருமை ஆகிய நான்கும் மதிலுக்கு வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். உள்ளிருப்போர்க்கு உணவும் தங்கும் வசதியும் இருத்தல் வேண்டும் என்கிறார். இத்தனையும் கூறிய பின், அதிகாரத்தின் இறுதியில், எவ்வளவு சிறப்புடைய அரணாயினும் செயல்திறன் உடையோர் உள்ளே இல்லையெனில் அது அரணாகாது என முடிக்கிறார். கரிசல் நிலத்து மண்கோட்டைகளைப் புரிந்துகொள்ள உதவும் திறவுகோல் இக்கருத்தே ஆகும்.

நால்வகை அரணும் தமிழகமும்

வள்ளுவர் கூறும் உறுப்புகள் எல்லா ஊர்களுக்கும் ஒருசேர வாய்ப்பதில்லை. ஒவ்வொரு நிலமும் தன்னிடம் உள்ளதைக் கொண்டே தன் அரணை அமைத்துக்கொள்கிறது.

வேலூர்க் கோட்டை நீரரணுக்கு நல்ல சான்று. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் கருங்கல் மதிலைச் சூழ்ந்து அகன்ற அகழி இன்றும் நீருடன் காட்சியளிக்கிறது. செஞ்சிக் கோட்டை மலையரணுக்குச் சான்று. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து அமைந்த அக்கோட்டையை முகலாயப் படை 1690இல் முற்றுகையிடத் தொடங்கியது. 1698இல்தான் கைப்பற்ற முடிந்தது. காட்டரணுக்குக் காளையார்கோவில் சான்றாகிறது. பண்டைய கானப்பேரெயில் இவ்வூரே என்பர். 1801இல் மருது சகோதரர்களை எதிர்த்து வந்த ஆங்கிலேயப் படை, சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழியமைக்க முயன்றது; பல நாள் உழைத்தும் பயன் காணாது அம்முயற்சியைக் கைவிட்டது.

கரிசல் வட்டாரமோ வானம் பார்த்த பூமி. இங்கு அகழியை ஆண்டு முழுதும் நிறைக்க ஆற்றுநீர் இல்லை. தொடர்ந்த மலைகளும் அடர்ந்த காடுகளும் இல்லை. எஞ்சியது நிலம் ஒன்றே. எனவே நிலமே இவர்களுக்கு மதிலாயிற்று. அந்நிலத்தில் தானே வளரும் முட்செடியே மிளையாயிற்று.

கல்மதிலும் பீரங்கியும்

இடைக்கால ஐரோப்பாவில் கோட்டைக்கலை தோன்றிய விதமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கும் தொடக்ககாலக் கோட்டைகள் மண்மேடும் மரவேலியுமாகவே இருந்தன. பின்னர்க் கல்மதில்கள் எழுந்தன. மதில் உயர உயர, ஏணி வைத்து ஏறுவோர்க்கு அது கடினமாயிற்று. சதுர வடிவக் கோபுரங்களின் மூலைகளைத் தோண்டித் தகர்ப்பது எளிது எனக் கண்டதும் வட்ட வடிவக் கோபுரங்களை அமைத்தனர். ஒரு மதிலுக்குள் மற்றொரு மதிலை எழுப்பினர்.

வெடிமருந்தின் வருகை இந்நிலையை மாற்றியது. ஆயிரம் ஆண்டுகளாகப் பகைவரைத் தடுத்து நின்ற கான்ஸ்டாண்டிநோபிள் நகரின் மதில்களை 1453இல் துருக்கியரின் பெரும் பீரங்கிகள் பிளந்தன. கல் கடினமானது, ஆயினும் நொறுங்கும் இயல்புடையது. இரும்புக் குண்டு தாக்கும்போது கற்கள் உடைவதோடு அவற்றைப் பிணைத்த சாந்தும் விட்டுப்போகிறது. உயர்ந்த மதில் சரிந்து விழும்போது அதன் இடிபாடுகளே பகைவர் ஏறிவரும் சரிவுப்பாதை ஆகின்றன. எந்த உயரம் காப்பாக இருந்ததோ அதுவே கேடாகவும் முடிந்தது.

இதனை உணர்ந்த ஐரோப்பியக் கட்டடக்கலைஞர்கள் பதினாறாம் நூற்றாண்டில் மதிலின் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினர். மதிலின் பின்னால் மண்ணை நிரப்பினர். மண் குழைவானது. தன்மேல் பாயும் குண்டின் விசையை அது உள்வாங்கிக்கொள்ளும். குண்டு மண்ணில் புதையுமேயன்றிச் சுவர் எளிதில் சிதறாது.

பெரும் பொருட்செலவில் ஐரோப்பா கண்டறிந்த இப்பண்பு, கரிசல் நிலத்து மண்கோட்டைகளில் இயல்பாகவே அமைந்திருந்தது.

பாளையங்களும் மண்கோட்டைகளும்

மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பது வரலாற்று மரபு. பாளையக்காரர் வரி திரட்டினர்; ஊர்க்காவல் புரிந்தனர்; படை வைத்திருந்தனர். நாயக்கர் ஆட்சி மறைந்தபின், ஆர்க்காட்டு நவாபும் அவர் சார்பில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் வரி கேட்டு வந்தபோது, பாளையக்காரர்களின் மண்கோட்டைகள் அரசியல் எதிர்ப்பின் நிலைக்களன்களாயின.

1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த படை பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையை முற்றுகையிட்டது. சுவரைப் பிளக்கும் பெரும் பீரங்கிகள் அதனிடம் இல்லை. வரிப்பணம் கேட்டும் பூலித்தேவர் தர மறுக்கவே, அப்படை வெறுங்கையுடன் திரும்பியது. 1761இல் யூசுப் கான் பெரும் பீரங்கிகளைக் கொண்டுவந்த பின்னரே அக்கோட்டை வீழ்ந்தது. 1767இல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கிய ஆங்கிலேயத் தளபதி கேம்பல், குண்டுவீச்சால் சுவரில் விழுந்த பிளவுகளைக் கோட்டையிலிருந்தோர் வைக்கோலும் மண்ணும் கொண்டு உடனுக்குடன் அடைத்ததைக் கண்டு வியந்தார். கல்மதிலில் விழும் பிளவைப் போர் நடக்கும்போதே மூடுவது அரிது. மண்சுவரில் அது இயல்வதாயிற்று.

தெரிந்து தெளிவோம்: கரிசல் மண் நீர்பட்டால் உப்பி விரியும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆகவே சுவர் வைப்பதற்கு எல்லா மண்ணும் ஏற்றதன்று. கரிசல் பரப்பின் இடையிடையே செம்மண் நிலங்களும் உள்ளன. அவை செவல் எனப்படும். நெற்கட்டும்செவல் என்னும் ஊர்ப்பெயரில் இச்சொல் அமைந்திருத்தலைக் காணலாம். மண்ணைத் தேர்ந்தெடுத்தல், வைக்கோல் சேர்த்துக் குழைத்தல், ஒரு படை உலர்ந்தபின் மறுபடை வைத்தல் ஆகியவை மண்சுவர்க் கலையின் அடிப்படைகளாகும்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் அமைப்பு

1801ஆம் ஆண்டுப் போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி, 1830இல் வெளியான தம் நினைவுக்குறிப்பு நூலில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை விரிவாக விவரித்துள்ளார். தம்மை எதிர்த்த கோட்டையைப் பகைவர் ஒருவரே பதிவு செய்திருப்பதால் அக்குறிப்பு மதிப்புமிக்க சான்றாகிறது.

அவர் கூற்றின்படி, கோட்டை ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட ஒழுங்கற்ற நீள்சதுரம். முற்றிலும் மண்ணால் ஆனது. அம்மண் உறுதியும் பசைத்தன்மையும் உடையது. சுவர் ஏறத்தாழ 12 அடி உயரம். இடையிடையே சிறிய சதுரக் கொத்தளங்கள் இருந்தன. அவற்றில் பழைய பீரங்கிகள் சில வைக்கப்பட்டிருந்தன. கோட்டையைச் சூழ்ந்து அடர்ந்த முள்வேலி அமைந்திருந்தது. அகழி இல்லை.

மேலோட்டமாகப் படிப்போர்க்கு இது எளிய கோட்டையாகவே தோன்றும். ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே ஆராய்ந்தால்தான் அதன் நுட்பம் விளங்கும்.

முதலாவது, சுவரின் உயரம். 12 அடி என்பது வேலூர், செஞ்சி மதில்களோடு ஒப்பிடத் தாழ்வானதே. ஆனால் தாழ்ந்த சுவர் பீரங்கிக்குச் சிறிய இலக்காகிறது. இடிந்தாலும் பெருஞ்சரிவாக விழுவதில்லை.

இரண்டாவது, கொத்தளங்களின் நெருக்கம். இரு கொத்தளங்களுக்கு இடைப்பட்ட சுவர்ப்பகுதி மிகக் குறுகியதாக இருந்தது. சுவரின் அடியை ஒட்டி நிற்கும் பகைவனைச் சுவர்மேல் இருப்பவன் நேராகக் குனிந்து தாக்க இயலாது. குனிந்தால் அவனே இலக்காவான். முன்தள்ளி நிற்கும் கொத்தளத்தில் இருப்பவனோ பக்கவாட்டிலிருந்து தாக்க முடியும். கொத்தளங்கள் நெருங்கி அமைந்தமையால், அவற்றின் தாக்குதலுக்கு எட்டாத இடம் சுவரடியில் இல்லாமற்போயிற்று.

மூன்றாவது, முள்வேலி. நாட்டுக்கருவேல், உடை, இலந்தை, சூரை முதலிய முட்செடிகள் இந்நிலத்திற்கு உரியவை. இன்று எங்கும் காணப்படும் சீமைக்கருவேலம் அக்காலத்தில் இங்கு இல்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தியாவிற்கு வந்தது. முள்வேலியைப் பீரங்கிக் குண்டு துளைத்துச் செல்லுமேயன்றி அழிக்காது. ஏணிகளைச் சுமந்து வரும் வீரர்கள் அதனை வெட்டி வழிசெய்யும் நேரமெல்லாம் கோட்டையிலிருந்து வரும் தாக்குதலுக்கு இலக்காகி நிற்பர். அகழி செய்யவேண்டிய பணியை நீர் இல்லா நாட்டில் முள் செய்தது.

நான்காவது, உட்புற அமைப்பு. கொத்தளம் உள்ளே குழிவாக இருந்தது. பிளவின் வழியே ஏறி உச்சியை அடையும் பகைவர்க்கு எதிரே ஆள் எவரும் தெரியார். குழிவின் அடியில் மறைந்து நின்ற வீரர்கள் மிக நீண்ட ஈட்டிகளால் அவர்களைக் கீழிருந்தே குத்தி வீழ்த்தினர். வெடிகுண்டுகளிலிருந்து தப்ப, கோட்டைக்குள் நிலத்தைத் தோண்டிப் பதுங்குகுழிகள் அமைத்து அவற்றினுள் தங்கியிருந்தனர். கோட்டை வீழ்ந்தபின் அக்குழிகளைக் கண்ட வெல்ஷ், மூவாயிரம் பேர் இவற்றில் எவ்வாறு இத்தனை நாள் வாழ்ந்தனர் எனத் திகைத்தார்.

இரு போர்கள்

1799ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மேன் தலைமையிலான படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. முதல்நாள் தாக்குதல் தோல்வியுற்றது. ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் உயிரிழந்தனர். மேலும் படைகளும் பீரங்கிகளும் வந்துசேரவிருந்த நிலையில் வீரபாண்டிய கட்டபொம்மன் தம் வீரர்களுடன் இரவில் கோட்டையை விட்டு வெளியேறினார். பின்னர்ப் புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் ஆதரவாளர்களின் உதவியால் அவரும் உடனிருந்தோரும் தப்பினர். ஒரு வாரத்தில் மேஜர் காலின் மெக்காலே படையுடன் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. அது ஆறே நாளில் கட்டப்பட்டது என்று கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் குறிப்பிடுகிறார். தம் படை போதாது எனக் கண்ட மெக்காலே பாளையங்கோட்டைக்குத் திரும்பினார்.

மார்ச் 31ஆம் நாள் மெக்காலே பெரும்படையுடன் மீண்டும் தாக்கினார். பீரங்கிகள் சுவரில் பிளவை உண்டாக்கின. பிளவின் உச்சிவரை ஏறிய வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். கம்பெனிப் படையில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் போயினர். தாக்குதல் கைவிடப்பட்டது. மே மாதத்தில் லெப்டினன்ட் கர்னல் அக்னியூ புதிய படைகளோடும் வலிய பீரங்கிகளோடும் வந்த பின்னரே, மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது.

ஆறு நாள் உழைப்பு

ஆறு நாளில் ஒரு கோட்டை எழுந்தது எவ்வாறு? வெல்ஷ் குறித்த அளவுகளைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோட்டையின் சுற்றளவு ஏறத்தாழ 1600 அடி. உயரம் 12 அடி. ஆறு நாளில் இச்சுவர் எழவேண்டுமாயின், சுற்றிலும் நாளொன்றுக்கு இரண்டடி உயர்ந்திருத்தல் வேண்டும். முதல்நாள் வைத்த படை உலர்ந்து இறுக, மறுநாள் அதன்மேல் அடுத்த படை வைப்பதே மண்சுவரின் முறை. சுற்றிலும் ஒரே நேரத்தில் போதிய கைகள் இருந்தால் மட்டுமே இது கைகூடும்.

கல்மதில் கட்டக் கற்சுரங்கம் வேண்டும், கல்தச்சர் வேண்டும், வண்டிகளும் சாந்தும் ஆண்டுக்கணக்கில் காலமும் வேண்டும். தேர்ந்த சிற்பிகள் செதுக்கிய வெட்டுவான் கோயில்கூட முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. மண்சுவர் வைக்கும் கலையோ இவ்வட்டாரத்து மக்களுக்குப் பொதுவான அறிவு. தம் வீட்டுச் சுவரையும் தொழுவத்தையும் தாமே எழுப்பியவர்கள் அவர்கள். எந்த மண் நிற்கும், எவ்வளவு நீர் வேண்டும், எத்தனை மிதி மிதித்தால் பதம் வரும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. கல்கோட்டையை இடித்தால் அதனைக் கட்டும் ஆற்றல் அரசனின் கருவூலத்தோடு போய்விடும். மண்கோட்டையை இடித்தாலோ, அதனைக் கட்டிய அறிவு ஊராரின் கைகளில் எஞ்சியிருக்கும். கம்பெனி இடித்தது சுவரை. அவ்வறிவை அதனால் இடிக்க இயலவில்லை.

அரணின் எல்லை

மண்கோட்டையை மிகைப்படுத்திப் போற்றுவதும் பொருந்தாது. போதிய எண்ணிக்கையில் வலிய பீரங்கிகள் இடைவிடாது தாக்கினால் மண்சுவரும் பிளவுபடும் என்பதை 1801 மே மாதம் காட்டியது. பருவமழையும் மண்சுவரைக் கரைக்கும். ஆண்டுதோறும் அதனைச் செப்பனிடல் வேண்டும். சூழ்ந்து நிற்கும் படையை விரட்ட வெளியிலிருந்து துணை வராத கோட்டை, உணவும் மருந்தும் தீர்ந்தபின் வீழ்ந்தே தீரும்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகிலிருந்து வந்திருக்கவேண்டிய துணை வரவில்லை. அண்டைப் பாளையமாகிய எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது. எல்லைப் பூசல்களும் வரித் தகராறுகளும் நெடுங்காலமாக இரு பாளையங்களையும் பிரித்திருந்தன. ஒரே மண்ணில், ஒரே முறையில் கோட்டை கட்டியவர்கள் ஒருவர்க்கொருவர் அரணாகவில்லை. செயல்திறன் உடையோர் உள்ளே இருந்தும், கோட்டைகளுக்கு இடையே ஒற்றுமை என்னும் மதில் எழாமற்போனதே இவ்வரலாற்றின் துயரம்.

அதே வரலாற்றில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. கோட்டை வீழ்ந்த நாளில் காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையை, தன் மகனைத் தேடிவந்த தாய் ஒருத்தி கண்டாள். உயிர் பிரியும் நிலையிலிருந்த மகன் தன்னை விட்டுவிட்டு அவரைக் காப்பாற்றுமாறு வேண்டினான். பெண்கள் ஊமைத்துரையைத் தம் ஊருக்குத் தூக்கிச் சென்றனர். தேடிவந்தோரிடம், அம்மை நோயால் இறந்தவன் எனக் கூறி, வெள்ளைத்துணியால் மூடி அழுதனர். நோய்க்கு அஞ்சித் தேடியோர் விலகினர். பகைப்படையைச் சேர்ந்த வெல்ஷ் பதிவு செய்துள்ள செய்தி இது. மண்சுவர் இடிந்தபின்னும் சில நாள் நின்ற அரண் அப்பெண்களின் துணிவே. பிழைத்தெழுந்த ஊமைத்துரை மருது சகோதரர்களோடு இணைந்து போரிட்டார். பிடிபட்டு, 1801 நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

எஞ்சியிருப்பவை

அவ்வாண்டின் இறுதியில் தென்னாட்டு மக்கள் ஆயுதம் தாங்குவதைக் கம்பெனி தடை செய்தது. பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டையிருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்று மக்கள் கூறுவர். 1974இல் தமிழக அரசு அங்கு நினைவுக் கோட்டை ஒன்றை எழுப்பியது. இன்று சுற்றுலாப் பயணியர் காண்பது அதனையே. பழைய கோட்டையின் எச்சங்கள் அதன் அருகில் உள்ளன. போரில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளும் அவ்வட்டாரத்தில் உள்ளன. தாக்கியோர் கல்லால் நினைவுச்சின்னம் வைத்துச் சென்றனர். காத்துநின்றோரின் சுவர் மண்ணோடு மண்ணாயிற்று.

அழிந்த கோட்டைகளும் தம் தடத்தை விட்டே செல்கின்றன. மதுரைக் கோட்டையை ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடித்து அகழியைத் தூர்த்தனர். ஆயினும் அதன் சுற்றளவை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் காட்டி நிற்கின்றன. கோட்டைமேடு, கோட்டைத்தெரு என வழங்கும் பெயர்கள் பல ஊர்களில் உள்ளன. காரணமின்றி உயர்ந்து நிற்கும் ஒரு மண்மேடு, நேர்கோட்டில் செல்லும் பழைய வேலி, ஒரு தெருவின் திருப்பம் ஆகியவை ஆவணங்களே. அவற்றைப் படிக்கும் கண் வேண்டும். கழுகுமலையின் கல் தன் கதையைத் தானே சொல்லும். சமவெளியின் மண்ணோ, கேட்பவர்க்கு மட்டுமே தன் கதையைச் சொல்லும். சாலைக்கும் வீட்டுமனைக்கும் வெட்டி எடுக்கப்படுவதற்கு முன் அதனைக் கேட்டுப் பதிவு செய்தல் நம் கடமையாகும்.

சொற்பொருள்

மிளை - காவற்காடு. கிடங்கு - அகழி. எயில், புரிசை, இஞ்சி - மதில். ஞாயில் - மதிலின்மேல் மறைந்து அம்பெய்யும் உறுப்பு. பதணம் - மதிலின் உட்புற மேடை. கொத்தளம் - மதிலிலிருந்து முன்தள்ளி அமைந்த காவல் உறுப்பு. செவல் - செம்மண் நிலம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ ‘கோட்டை’ என்னும் சொல் இடம்பெறும் ஊர், தெரு, மேடு ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டுக. அப்பெயருக்குக் காரணமாக முதியோர் கூறும் செய்திகளை எழுதிவந்து வகுப்பில் பகிர்க.

2. மண்சுவர் வைக்கும் முறையை அறிந்த ஒருவரிடம் நேர்காணல் செய்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுக்க.

பலவுள் தெரிக

மதிலைக் காத்து நிற்றலைக் குறிக்கும் திணை
அ) உழிஞை ஆ) நொச்சி இ) வஞ்சி ஈ) தும்பை

குறுவினா

1. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் முள்வேலியின் பயன் யாது?
2. ஞாயில், பதணம் - வேறுபடுத்துக.

சிறுவினா

1. பீரங்கித் தாக்குதலைக் கல்மதிலும் மண்சுவரும் எதிர்கொள்ளும் முறையை ஒப்பிடுக.
2. கொத்தளங்கள் நெருங்கி அமைவதன் பயனை விளக்குக.

நெடுவினா

செயல்திறன் உடையோர் இல்லாத அரண் அரணாகாது என்னும் வள்ளுவர் கருத்தைப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் வரலாற்றோடு பொருத்திக் கட்டுரை எழுதுக.